இறுதி வருட ஆய்வுக்கு எந்தப் புரதம்? செட்-டி2, கே.எம்.டி.2டி, ரிஸ்1: ஓர் ஒப்பீடு

"அக்கா, நான் எதை எடுக்கிறது?"

தலைப்புக் கொடுக்கவேண்டிய திகதி நெருங்கினால் கொழும்பில் உயிர் இரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும் படிக்கிற தம்பி தங்கச்சிமாரிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். இந்த முறை மூன்று பேர். மூவருக்கும் மேற்பார்வையாளர்கள் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: ஹிஸ்டோனுக்கு, அதாவது டி.என்.ஏ. சுற்றியிருக்கிற புரதத்துக்கு, மெத்தைல் என்கிற சிறிய இரசாயனக் குறியை வைக்கிற புரதங்களில், கட்டி வராமல் தடுப்பதாகத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். மூவரும் வாசித்து வாசித்துப் பெயர்ப் பட்டியலை நீட்டிக்கொண்டு போனார்களே தவிர, ஒன்றைப் பிடித்து நிற்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்து நால்வரும் இதைப் பேசி முடித்தோம். வேறு பிள்ளைகளும் இதே இடத்தில் நிற்பீர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

என்னுடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரதத்தைத் தெரிவு செய்வதற்கு முன் அது புற்றுநோயில் எப்படித் தொலைகிறது என்று பாருங்கள். சில புரதங்கள் விகாரத்தால், அதாவது ஜீனில் விழுகிற மாற்றத்தால், உடைகின்றன. சில உடையாமலே வாயடைக்கப்படுகின்றன. தொலைகிற விதம்தான் நீங்கள் எதை அளக்கவேண்டும் என்று சொல்கிறது. எதை அளக்கவேண்டும் என்று தெரிந்துவிட்டால், அதை இங்கே, உங்கள் ஆய்வுகூடத்தில், உங்களிடம் இருக்கிற மாதங்களில் அளக்க முடியுமா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

## அடிப்படை, சுருக்கமாக

நூல்கட்டையில் நூல் சுற்றியிருப்பதுபோல டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றியிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஒரு கட்டையைச் சுற்றி ஏறக்குறைய 147 சோடி மூலங்கள். ஹிஸ்டோன்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வால்கள் உண்டு. அந்த வால்களில் இருக்கிற லைசின் என்கிற அமினோ அமிலங்களில் ஒன்று, இரண்டு அல்லது மூன்று மெத்தைல் கூட்டங்களை நொதியங்கள் வைக்கின்றன. எச்3 என்கிற ஹிஸ்டோனின் 4ஆம், 36ஆம் இடங்களிலுள்ள லைசின்களில் மெத்தைல் இருந்தால் அந்த இடத்து ஜீன்கள் பொதுவாக இயங்குகின்றன. 9ஆம், 27ஆம் இடங்களிலுள்ள லைசின்களில் மூன்று மெத்தைல் இருந்தால் அடங்கிக் கிடக்கின்றன. இந்த லைசின்களைக் கே4, கே9, கே27, கே36 என்று எழுதுகிறேன்.

வேலையைச் செய்கிற பகுதிக்கு 'செட்' என்று பெயர். பழ ஈயின் மூன்று ஜீன்களின் பெயர்களிலிருந்து ஓர் எழுத்து ஓர் எழுத்தாக எடுத்து வைத்தது. மனிதரில் இப்படியொரு நொதியம் லைசினில் மெத்தைல் வைக்கிறது என்று முதலில் காட்டப்பட்டது 2000இல். வியன்னாவில் தோமஸ் யெனுவைன் குழு எஸ்.யூ.வி.39எச்1 என்ற புரதத்தில் அதைக் காட்டியது. அதற்கும் அதன் இணைக்கும் உரிய ஜீன்கள் இரண்டையும் எலியில் நீக்கினால் நிறமூர்த்தங்கள் நிலைகுலைந்து, சில எலிகளுக்கு நிணநீர்க்கலப் புற்றுநோய் வருகிறது என்று அடுத்த வருடமே தெரியவந்தது. ஹிஸ்டோனில் மெத்தைல் வைக்கிற ஒரு நொதியம் இல்லாமற் போவது கட்டியில் கொண்டுபோய் விடலாம் என்ற எண்ணம் அந்த நாட்களிலேயே வலுப்பட்டது.

## எதை வைத்து ஒப்பிடுவது

செட்-டி2, கே.எம்.டி.2டி, ரிஸ்1 என்ற மூன்று புரதங்களையும் ஒப்பிட நாங்கள் ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டோம்.

முதலாவது, சான்று எவ்வளவு உறுதி? கட்டியில் விகாரம் கண்டோம் என்பது வேறு, அதை நீக்கிய எலிக்குக் கட்டி வந்தது என்பது வேறு. இரண்டாவது, எப்படித் தொலைகிறது, அதை எந்த முறையால் காணலாம்? மூன்றாவது, மாதிரிகள் எங்கிருந்து வரும்? வைத்தியசாலை நோயியல் பிரிவின் பழைய மெழுகுக் கட்டைகளை, அதாவது அகற்றிய கட்டியின் துண்டுகளை மெழுகில் பதித்து வைத்தவற்றைத் தொடுவதற்கும் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கு மாதங்கள் போகும். நான்காவது, பணமும் காத்திருப்பும். தேடுகிற பொருளில் மட்டும் போய் ஒட்டுகிற பிறபொருளெதிரி எல்லாம் வெளிநாட்டிலிருந்து, டொலரில், குளிரில் வரவேண்டும். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து இரண்டே மாதத்தில் 360ஐ எட்டியபோது, அனுமதி கிடைத்த ஆய்வுப் பணம் கண்ணெதிரே பாதியாகக் கரைந்ததைப் பார்த்தவள் நான். ஐந்தாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: எதிர்பார்த்தது கிடைக்காவிட்டாலும் எழுத ஏதாவது மிஞ்சுமா?

| | செட்-டி2 | கே.எம்.டி.2டி | ரிஸ்1 |
|---|---|---|---|
| வைக்கிற குறி | கே36, மூன்று மெத்தைல் | கே4, ஒரு மெத்தைல் | கே9 |
| நிறமூர்த்தம் | 3இன் குறுங்கை | 12இன் நெடுங்கை | 1இன் குறுங்கை |
| தொலைகிற விதம் | விகாரமும் நிறமூர்த்த இழப்பும் | நீளம் முழுக்கச் சிதறிய விகாரங்கள் | பெரும்பாலும் ஊக்கிப் பகுதி (ஜீனை இயக்கத் தொடங்குகிற இடம்) அடைப்பு |
| முக்கியமாகக் கண்ட இடம் | சிறுநீரகம் | நிணநீர்க்கலப் புற்றுநோய், சிறுநீர்ப்பை | மார்பு, ஈரல், பெருங்குடல் |
| இங்கே பொருந்தும் முறை | சாயமூட்டல் | பொதுத் தரவுப் பகுப்பாய்வு | மெத்தைல் பீ.சி.ஆர். |
| சான்று | உறுதி | உறுதி | நடுத்தரம் |
| முடிக்கும் காலம் | அனுமதியைப் பொறுத்தது | ஓரிரு மாதம் | நான்கைந்து மாதம் |

## செட்-டி2: கண்ணால் காணக்கூடிய இழப்பு

மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கே36இல் மூன்றாவது மெத்தைலை வைக்கிற வேலையை மனிதக் கலத்தில் ஏறக்குறைய முழுவதுமாக இந்த ஒரே நொதியம் செய்கிறது. ஆய்வு மாணவருக்கு இது பெரிய வரம். பதிலுக்கு வேலை செய்ய வேறு ஆள் இல்லாததால், செட்-டி2 போனால் குறியும் போய்விடும். புரதத்தைத் தேடி அலையாமல் குறியைத் தேடினால் போதும்.

சிறுநீரகத்தில் வருகிற தெளிகலப் புற்றுநோயில் 3ஆம் நிறமூர்த்தத்தின் குறுங்கை பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட கட்டிகளில் தொலைந்திருக்கும். அந்தக் கையில் வி.எச்.எல்., பி.பி.ஆர்.எம்.1, பி.ஏ.பி.1, செட்-டி2 என்று நான்கு காவல்காரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். கை உடைந்தால் நான்கிலும் ஒவ்வொரு பிரதி ஒரேயடியாகப் போய்விடுகிறது. மிஞ்சிய செட்-டி2 பிரதியில் ஒரு விகாரம் விழுந்தால் கதை முடிந்தது. பத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேற்பட்ட கட்டிகளில் இந்த விகாரம் உண்டு. முதலில் அறிவிக்கப்பட்டது 2010இல்.

குறி போனால் என்ன நடக்கிறது? ஜீன் வாசிக்கப்படும்போது அதன் உடல் நெடுக இந்தக் குறி விழுகிறது. டி.என்.ஏ. பிரதியாகும்போது வருகிற எழுத்துப்பிழைகளைத் திருத்துகிற குழுவில் எம்.எஸ்.எச்.6 என்று ஒரு புரதம் உண்டு. அது இந்தக் குறியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த இடத்தில் வந்து உட்காருகிறது என்று 2013இல் காட்டினார்கள். குறி இல்லையென்றால் திருத்துகிறவருக்கு உட்கார இடம் இல்லை. பிழைகள் சேர்கின்றன.

இனி கட்டியின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடி வில்லையை (ஸ்லைட்) பாருங்கள். கே36 மும்மெத்தைலுக்கான பிறபொருளெதிரி போட்டு, பழுப்புச் சாயம் ஏற்றி, நீலச் சாயத்தால் பின்னணி கொடுத்திருக்கிறோம். நுணுக்குக்காட்டியில் 40 மடங்கு லென்ஸைத் திருப்புகிறீர்கள். தெளிகலக் கட்டி நீர் நிரம்பிய கண்ணாடிக் குமிழிகளை அடுக்கியதுபோல இருக்கும். குமிழிகளுக்கு இடையில் மெல்லிய மயிர்க்குழாய்கள் வலைபோல ஓடும். குறி தொலைந்த கட்டியில் குமிழிகளின் கருக்கள் எல்லாம் வெறும் நீலம். ஆனால் அந்த மயிர்க்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கிற சின்னச் சின்னக் கருக்கள் நல்ல பழுப்பு. அவை நோயாளியின் சாதாரண கலங்கள், அவற்றில் செட்-டி2 இன்னும் வேலை செய்கிறது. ஒரே பார்வையில் இழப்பும் ஒப்பீடும் இரண்டும் கிடைக்கின்றன. முதல் தடவை அதைக் கண்டபோது கதிரையை விட்டு எழும்பிப்போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பழுப்புக் கருக்கள் இல்லாத வில்லையை ஒருபோதும் 'இழப்பு' என்று எழுதவேண்டாம். கட்டை பழசாகியிருக்கலாம், திசுவைப் பதப்படுத்துகிற போமலினில் அதிக நாள் கிடந்திருக்கலாம், சாயமே பிடிக்காமல் போயிருக்கலாம். அப்படிப்பட்டதைக் கணக்கிலிருந்து நீக்கத்தான் வேண்டும். நாற்பது கட்டை எடுத்தால் நாற்பதும் கைக்கு வராது.

அடுத்த மறைசெலவு இன்னும் பெரியது. 2012இல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு, ஒரே நோயாளியின் ஒரே சிறுநீரகக் கட்டியில் பல இடங்களிலிருந்து துண்டெடுத்துப் பார்த்தது. செட்-டி2 வெவ்வேறு மூலைகளில் வெவ்வேறு விகாரங்களால் தனித்தனியாக உடைந்திருந்தது. அதாவது ஒரு துண்டில் குறி இருக்கிறது என்பதை வைத்து முழுக் கட்டியைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று கட்டைகள் தேவை, செலவும் அதற்கேற்ப ஏறும்.

பணத்தைப் பொறுத்தவரை 100 மைக்ரோலீற்றர்க் குப்பி சில நூறு டொலர். நன்றாக ஐதாக்கிப் பாவித்தால் ஒரு குப்பி உங்கள் ஆய்வு முழுவதற்கும் காணும். கே36இன் இரண்டு மெத்தைலோடு குழம்பாத குப்பியா என்று வாங்கமுன் பாருங்கள். அப்புறம் குளிர்ச் சங்கிலி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின் இல்லாமல் போனபோது, ஓர் ஆய்வுகூடத்தில் நாங்கள் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில் ஓடியிருக்கிறோம். அன்றிலிருந்து எந்தக் குப்பி வந்தாலும் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து இரண்டு இடத்தில் வைப்பேன்.

எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால்? பத்துக்கு ஒன்று என்கிறபோது முப்பது கட்டியில் மூன்று நான்குதான் வரும், ஒன்றுமே வராமலும் போகலாம். ஆனால் நம் நாட்டு நோயாளிகளில் குறி எப்படி இருக்கிறது என்ற விபரணமே எழுதத் தகுந்தது. எல்லாம் பழுப்பாக வந்தாலும் உங்கள் ஆய்வு நிற்கும்.

## கே.எம்.டி.2டி: ஆய்வுகூடத்தில் இறங்காமல் செய்யலாம்

இதில் நான் நான்கு மாதம் இழந்திருக்கிறேன். அதனால் கவனமாகச் சொல்கிறேன்.

சான்றில் குறை சொல்ல இடமில்லை. 2010இல் கபுகி நோய்க்குறியின் காரணம் இந்த ஜீன் என்று கண்டார்கள். 1981இல் ஜப்பானிய மருத்துவர்கள் முதலில் விபரித்த, முகத்தோற்றமும் வளர்ச்சியும் மாறிப் பிறக்கிற பிள்ளைகளின் நிலை அது. 2011இல் நிணநீர்க்கலப் புற்றுநோயின் ஒரு வகையான பொலிக்குலர் லிம்போமாவில் 89 சதவீதத்தில் இந்த ஜீனில் விகாரம் என்று வந்தது. 2015இல் இரண்டு குழுக்கள் எலியில் இதை நீக்கினால் லிம்போமா வளர்வது வேகமாகிறது என்று காட்டின. ஜீன்களைத் தூரத்திலிருந்து தூண்டிவிடுகிற பகுதிகளில் கே4க்கு ஒரு மெத்தைல் வைப்பது இதன் வேலை.

சரி, அப்படியானால் என்ன பிரச்சினை? அளவுதான். 5,537 அமினோ அமிலங்கள். ஏறக்குறைய 600 கிலோடோல்ற்றன். புரதங்களை அளவுப்படி பிரிக்கிற சாதாரண ஜெல்லின் வாசலிலேயே நின்றுவிடுகிற புரதம். நான் ஜெல்லை ஐதாக்கினேன், இரவு முழுக்க மெதுவாக ஓட்டினேன், மாற்றுக் கரைசல் போட்டேன். சவ்வில் ஒவ்வொரு முறையும் மேலே ஒரு அழுக்குக் கீற்று, அவ்வளவுதான். விகாரம் தேடலாம் என்றால் ஜீனில் 54 எக்ஸோன் (புரதத்துக்கான குறிப்புள்ள துண்டுகள்), எங்கே விழும் என்று சொல்ல முடியாதபடி முழு நீளத்திலும் சிதறிக் கிடக்கும். குறியைச் சாயமூட்டிப் பார்க்கலாம் என்றால் கே.எம்.டி.2சி என்கிற கூடப்பிறந்தது அதே வேலையைச் செய்கிறது. ஒன்று போனாலும் மற்றது தாங்கிக்கொள்வதால் மொத்தக் குறி கண்ணுக்குத் தெரியும்படி குறையாது. செட்-டி2இல் கிடைத்த அந்த நீலமும் பழுப்பும் இங்கே கிடைக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2017இல் வந்த ஆய்வுகள், மெத்தைல் வைக்கிற திறனை மட்டும் கெடுத்துவிட்டுப் புரதத்தை அப்படியே விட்டால் ஜீன் இயக்கம் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்று காட்டின. புரதம் அங்கே இருப்பதே ஒரு வேலை. அதனால் 'மெத்தைல் போனதால் கட்டி வந்தது' என்று நேர்கோடு போட்டால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆனால் கணினியில் இது மிக நல்ல தலைப்பு. டி.சி.ஜி.ஏ. என்கிற அமெரிக்கப் புற்றுநோய் ஜீன் தரவுத் திட்டத்தில் 33 வகைப் புற்றுநோய்கள், 11,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் தரவு இருக்கிறது. சீபயோபோர்ட்டல் என்கிற இலவசத் தளத்தில் ஜீன் பெயரை அடித்தால் விகாரங்கள் படமாக விரியும். மடிக்கணினியும் இணையமும் போதும். எதிர்பார்த்தது வராமல் போகிற பயமும் இல்லை, விகாரங்கள் நிறையவே உண்டு.

மறைசெலவு மூன்று. முதலாவது பெயர்க்குழப்பம். பழைய கட்டுரைகளில் மனித கே.எம்.டி.2டியை எம்.எல்.எல்.2 என்றும் எம்.எல்.எல்.4 என்றும் எழுதியிருக்கிறார்கள், எம்.எல்.எல்.2 என்பது வேறொரு ஜீனுக்கும் பெயர். ஒவ்வொரு கட்டுரையிலும் எந்த நிறமூர்த்தம் என்று பார்த்து, 12 என்றால் மட்டும் எடுங்கள். இரண்டாவது, நீளமான ஜீனில் தற்செயலாகவே விகாரங்கள் கூட விழும். நீளத்துக்கு ஈடுசெய்யாத கணக்கு ஒரு பிழையான கணக்கு. புரதத்தை இடையில் வெட்டிவிடுகிற விகாரங்களைத் தனியாக எண்ணுங்கள், அங்கேதான் உண்மையான செய்தி இருக்கிறது. மூன்றாவது எனக்கு மனவருத்தம் தருவது: அந்தத் தரவில் பெரும்பான்மை ஐரோப்பிய வம்சாவளியினர். நம் நோயாளிகளைப் பற்றி அது எவ்வளவு சொல்லும் என்பதை உங்கள் கட்டுரையில் ஒரு பக்கமாவது எழுதவேண்டும்.

## ரிஸ்1: உடையாமல் அடைபட்டது

1995இல், கட்டியைத் தடுக்கிற இன்னொரு புரதமான ரெட்டினோபிளாஸ்டோமாப் புரதத்தோடு ஒட்டுகிற ஒன்றைத் தேடும்போது ரிஸ்1 அகப்பட்டது. ஜீனின் இப்போதைய பெயர் பி.ஆர்.டி.எம்.2. இந்த ஒரே ஜீன் இரண்டு புரதங்களைத் தருகிறது. செட்டுக்குத் தூரத்து உறவான பி.ஆர். பகுதி ரிஸ்1இல் உண்டு, ரிஸ்2இல் இல்லை. புற்றுநோயில் ரிஸ்1 குறைந்து ரிஸ்2 தங்கிவிடுகிறது. ரிஸ்1ஐ மட்டும் நீக்கிய எலிகளுக்குக் கட்டிகள் வந்தன என்று 2001இலும், அது கே9க்கு மெத்தைல் வைக்கிறது என்று 2003இலும் வந்தது. அதன்பிறகு வந்த வேலை மற்ற இரண்டைப் போல அடர்த்தியானதல்ல. சான்றுக்கு 'நடுத்தரம்' என்று போட்டதற்குக் காரணம் அதுதான்.

இது தொலைகிற விதம் நமக்கு வசதியானது. பல கட்டிகளில் ஜீன் உடைவதில்லை. அதன் ஊக்கிப் பகுதியில் டி.என்.ஏ.வுக்கே மெத்தைல் ஏறி வாயடைத்துவிடுகிறது. அதைப் பார்க்கப் பைசல்பைற்று என்கிற இரசாயனம் வேண்டும். டி.என்.ஏ.யின் எழுத்துகளில் ஒன்றான சைற்றோசினில் மெத்தைல் இல்லாவிட்டால் அது அதை யுரசிலாக மாற்றும், மெத்தைல் உள்ளதைத் தொடாது. பிறகு இரண்டு சோடி முதலிகள் (பிரதியெடுப்பைத் தொடங்கிவைக்கிற சிறு டி.என்.ஏ. துண்டுகள்), ஒரு பீ.சி.ஆர். இயந்திரம், ஒரு ஜெல். கொழும்பில் இது இல்லாத மூலக்கூற்று ஆய்வுகூடம் அரிது. மூன்றிலும் கைப்பணி பழகுவதற்கு இதுவே சிறந்தது.

கவனிக்கவேண்டியது: பைசல்பைற்று டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கும். மெழுகுக் கட்டையிலிருந்து எடுத்தது ஏற்கனவே நொறுங்கியிருக்கும். 150 சோடிக்குக் குறைந்த துண்டுக்கே முதலி அமையுங்கள். மாற்றம் அரைகுறையாக நின்றால் எல்லாமே மெத்தைல் போலத் தெரியும், அதனால் முழுக்க மெத்தைல் ஏறிய ஒரு மாதிரியும் ஏறாத ஒன்றும் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேண்டும். அப்புறம், உங்கள் தலைப்பு ஹிஸ்டோன் மெத்தைலேற்றம், நீங்கள் அளப்பதோ டி.என்.ஏ. மெத்தைலேற்றம். இரண்டும் ஒன்றல்ல. முதல் பக்கத்திலேயே அதைப் பிரித்து எழுதாவிட்டால் பரிசோதகர் அங்கேயே பிடிப்பார்.

## இ-ஸெட்-எச்2ஐ எடுக்கலாமா?

மூவரில் ஒருவர் இதைக் கேட்டார். கே27க்கு மும்மெத்தைல் வைக்கிற நொதியம் இது. ஆனால் பல கட்டிகளில் இது தடுப்பதை விட்டு வளர்க்கிறது. லிம்போமாவில் இதை அதிகமாக இயக்கிவிடுகிற விகாரம் உண்டு. இதை அடக்குகிற டாஸெமெற்றோஸ்ராற் என்ற மருந்துக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில குருதிப் புற்றுநோய்களில் மட்டும் இதே நொதியம் தொலைவதுதான் தீங்கு. இரண்டு முகம் உள்ளதை எட்டு மாதத்தில் எழுதி முடிக்க முடியாது. மீளாய்வுக் கட்டுரை மட்டும் எழுதுகிறீர்கள் என்றால் தாராளமாக எடுங்கள்.

## யாருக்கு எது

நோயியல் பிரிவோடு தொடர்புள்ள மேற்பார்வையாளர் இருந்து, அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் அல்லது இரண்டு மாதத்தில் வருமென்றால் செட்-டி2. மருத்துவ பீட மாணவருக்கு வேறு யோசனையே வேண்டாம்.

அனுமதிக்குக் காலம் இல்லை, பணம் இல்லை, பகலில் வேலைக்குப் போகிறீர்கள், ஆனால் புள்ளிவிபரவியல் பிடிக்கும் என்றால் கே.எம்.டி.2டி. கணினியில் மட்டும். தயவுசெய்து அந்தப் புரதத்தை ஜெல்லில் ஓட்டப் போகாதீர்கள்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறீர்கள், கையில் ஒரு நுட்பம் இருக்கவேண்டும் என்றால் ரிஸ்1. மாதிரி கிடைக்காவிட்டாலும் வளர்ப்புக் கலங்களில் தொடங்கலாம். ஆனால் கலவளர்ப்பு அறையில் முறை எப்போது வரும் என்று முதலே கேளுங்கள்.

அன்று பேசி முடிக்கும்போது கடற்கரைப் பக்கம் இருட்டிவிட்டது. கொட்டாஞ்சேனைத் தம்பி பகலில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை, அவர் கே.எம்.டி.2டி என்று எழுதிக்கொண்டார். தெஹிவளைத் தங்கச்சி ரிஸ்1, தன் ஆய்வுகூடத்தில் பைசல்பைற்றுக் கிட் ஒன்று பாதியாக இருக்கிறது என்றார். காலாவதித் திகதியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது தங்கச்சிக்கு செட்-டி2இல் ஆசை, ஆனால் கட்டைகள் எத்தனை என்று தெரியாது. கடந்த ஐந்து வருடத்தில் அகற்றிய சிறுநீரகக் கட்டிகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கட்டைகள் மிச்சம், போமலினில் எத்தனை நாள் வைத்தார்கள் என்று மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் நோயியல் பிரிவு திறந்ததும் போய்க் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.